முகத்துக்குப் பின்னால் இருந்த விளம்பரம்

பழைய போட்டோவுக்கு வயசு சொல்கிற தொழிலில் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்றும் கிடைக்காது. முதுகுக்குப் பின்னால் இருக்கிற சுவரைத்தான் பார்க்க வேண்டும்.

ராஜபாளையத்தில் எனக்குச் சின்னக் கடை. கிழிந்த போட்டோவைக் கம்ப்யூட்டரில் ஒட்டவைத்து, பெரிதாக்கி, சட்டம் போட்டுக் கொடுப்பேன். வருகிறவர்களில் பாதிப் பேர், "இது எந்த வருசம் எடுத்திருப்பாக?" என்று கேட்பார்கள். உங்கள் வீட்டுப் படங்களுக்குப் பின்னாலும் ஒன்றும் எழுதியிருக்காது என்று எனக்குத் தெரியும். கடைப் பலகை, காலண்டர், சுவர் விளம்பரம் என்று ஏதாவது ஒன்று படத்துக்குள் இருந்து காட்டிக்கொடுத்துவிடும். அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்பதைத்தான் யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை, என்னையும் சேர்த்து.

சிவப்பு முக்கோணம்

சோழபுரத்திலிருந்து அண்ணன், தம்பி இருவர் வந்தார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் ஜெயிலுக்குப் போன தாத்தா விடுதலையாகி வந்த அன்று எடுத்த படமாம். ஊர் மண்டபத்தில் மாட்ட வேண்டுமாம். மாலையும் கழுத்துமாகத் தாத்தா கம்பீரமாகத்தான் நின்றார். பின்சுவரில் குடும்பக் கட்டுப்பாட்டுச் சிவப்பு முக்கோணமும் பக்கத்தில் நின்றது. சுதந்திரம் வந்து எத்தனையோ வருசம் கழித்து வந்த விளம்பரம் அது.

விசயத்தைச் சொன்னேன். "அப்ப தாத்தா எதுக்குண்ணே உள்ள போனாரு?" என்று தம்பி மெதுவாகக் கேட்டார். அண்ணன் படத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "அந்த முக்கோணத்த அழிச்சிட்டு அங்கன ஒரு கொடிய வரஞ்சிருங்க அண்ணாச்சி."

வெள்ளி விழாக் காலண்டர்

வேலம்மாள் என்ற அம்மாவை மகன் கூட்டிவந்தார். அப்பாவுக்கு எண்பதாம் கல்யாணம். அதற்காகப் பழைய கல்யாணப் போட்டோவைப் பெரிதாக்கி, அடியில் வருசம் போட வேண்டும். வருசம் யாருக்கும் தெரியவில்லை. அம்மாவுக்கு அப்போது பதினெட்டு என்று மட்டும் வீட்டில் பேச்சு.

படத்தில் ஓர் உரக்கடைக் காலண்டர் தொங்கியது. பெரிதாக்கினால், 'வெள்ளி விழா ஆண்டு' என்று இருந்தது. அந்தக் கடை ஸ்ரீவில்லிபுத்தூரில் இன்றைக்கும் இருக்கிறது. போய்க் கேட்டேன்; கடை திறந்த வருசத்தைக் கல்லிலேயே வெட்டி வைத்திருந்தார்கள். அதோடு இருபத்தைந்தைக் கூட்டி, அம்மாவின் பள்ளிச் சான்றிதழில் இருந்த பிறந்த வருசத்தைக் கழித்தேன். பதிமூன்று வந்தது.

மகனுக்கு முகம் செத்துப்போனது. "பதிமூணாம்மா?" என்றார். அந்த அம்மாவிடம் ஒரு மாற்றமும் இல்லை. "எனக்குத் தெரியாதா? பதினெட்டு வாற மாதிரி ஒரு வருசத்தப் போடச் சொல்லுய்யா. எம்பது வயசுல ஒங்கப்பா தலைகுனிஞ்சு நிக்க வேணாம்."

ரீசார்ஜ்

மில்லில் வேலை பார்க்கும் செல்விக்கு, இறந்துபோன அம்மாவையும் அப்பாவையும் ஒரே சட்டத்துக்குள் சேர்த்துவைக்க ஆசை. அப்பா, செல்விக்கு நாலு வயசாக இருக்கும்போதே வடக்கே லாரி விபத்தில் இறந்துவிட்டதாகத் தகவல் வந்ததாம். உடல் வரவில்லை. அத்தை வீட்டுப் பெட்டியில் இப்போதுதான் அப்பாவின் படம் ஒன்று கிடைத்திருக்கிறது.

படத்தில் அப்பா ஒரு பெட்டிக்கடை முன்னால் நிற்கிறார். தட்டியில், 'இங்கு ரீசார்ஜ் செய்யப்படும்'. எனக்குத் திக்கென்றது. பின்னணியைச் சட்டென்று வெட்டிவிடலாம் என்று மவுசை நகர்த்தினேன். அதற்குள் செல்வி திரையைப் பார்த்துவிட்டார். "செல்போன் வந்தப்ப எனக்கே ரெண்டு பிள்ளைக" என்றார். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. அம்மா படத்துக்கு மட்டும் சட்டம் போடச் சொல்லிவிட்டு, வாசலில் நின்று திரும்பிக் கேட்டார்: "அப்ப எங்கம்மா பூவும் பொட்டும் இல்லாம இருந்ததெல்லாம் யாருக்காக அண்ணாச்சி?"

ஐந்து இலக்கப் போன்

இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். ராமசுப்பு, ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர், ஒரு போட்டோ கொண்டுவந்தார். ராஜபாளையத்துக் கடை ஒன்றின் முன்னால் இளவயதில் அவர் மனைவி சீதா; பக்கத்தில் சிரித்தபடி ஓர் ஆள். "இது எங்க கல்யாணத்துக்கு முந்தியா, பிந்தியா?" என்றார். அந்தக் கேள்வியிலேயே நான் சுதாரித்திருக்க வேண்டும். நானோ கெட்டிக்காரத்தனத்தைக் காட்டுகிற அவசரத்தில் இருந்தேன். கடைப் பலகையில் போன் நம்பருக்கு ஐந்து இலக்கம். ஐந்து இலக்கம் எப்போது வந்தது என்று எனக்கு அத்துப்படி. அவர் கல்யாண வருசத்தைக் கேட்டுக்கொண்டு, "பிந்திதான்" என்றேன்.

சீதா ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். சில மாதம் கழித்து, டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் கடைக்கு வந்தார். பேச்சுவாக்கில் அவர் சொன்னது: ராஜபாளையத்துக்கு ஐந்து இலக்கம் முதலிலேயே வந்துவிட்டது, ஸ்ரீவில்லிபுத்தூருக்குத்தான் பிறகு வந்தது. நான் கணக்கில் வைத்திருந்தது ஸ்ரீவில்லிபுத்தூர் வருசம். படம் கல்யாணத்துக்கு முந்தியதாகவே இருந்திருக்கலாம்.

ராமசுப்புவிடம் போய்ச் சொன்னேன். தலையை நிமிர்த்தாமல் போல்ட்டை முடுக்கிக்கொண்டே இருந்தார். அங்கிருந்து நேரே சீதாவைப் பார்க்கப் போனேன். கூலிக்குப் பேண்டேஜ் துணி மடித்துக்கொண்டிருந்தவர், நான் தட்டுத்தடுமாறிச் சொல்லி முடிக்கும்வரை கையை நிறுத்தவில்லை. மன்னித்துவிடுங்கள் என்றதும்தான் ஏறிட்டுப் பார்த்தார். "நீங்க தப்பாச் சொன்னது இருக்கட்டும். அவரு கடைப் பலகையக் கேட்டாரு, ஒங்களக் கேட்டாரு. என்னயக் கேக்கவே இல்லயே."

விளம்பரம் என்றாலே பொய் என்று நினைத்துக்கொண்டுதான் இந்தத் தொழிலுக்குள் வந்தேன். இத்தனை வருசத்தில் என்னிடம் பொய் சொல்லாதது அது ஒன்றுதான்.