ஜிம்மிக்கு வந்த மீன்

பக்கத்து வீட்டு மாமாவை எங்கள் ஜிம்மி கடித்ததற்கு நான்தான் காரணம். அதை அன்று ஒருவரிடமும் சொல்லவில்லை.

எங்கள் ஊர் பண்டத்தரிப்பு. பொருளாதாரத் தடைக் காலம். சவர்க்காரம் முதல் பற்றரி வரை எதுவும் யாழ்ப்பாணத்துக்கு ஒழுங்காக வராது. ஒருநாள் பின்னேரம் வாசிகசாலையில் சுகாதாரப் பரிசோதகர் கூட்டம் வைத்தார். "நாய் வளர்க்கிறதெண்டால் சோறு போடுறது மட்டுமில்லை. தடுப்பூசி போடவேணும், கட்டிப் பழக்கவேணும். ஊசி வந்தவுடனை அறிவிப்பம், அதுவரைக்கும் கட்டி வையுங்கோ" என்றார். அப்பா எல்லோருக்கும் முன்னால் பெரிதாகத் தலையாட்டினார். தலையாட்டிய குற்றத்துக்காக வீட்டுக்கு வந்து, பிறந்ததிலிருந்து கயிறே கண்டிராத ஜிம்மியை மாமரத்தில் கட்டினார். அது போட்ட ஊளையில் ஒருவரும் நித்திரை கொள்ளவில்லை. விடிந்ததும் பாவம் பார்த்து நான் அவிழ்த்துவிட்டேன். மண்வெட்டி இரவல் கேட்டுப் படலையைத் திறந்த மாமாவின் கெண்டைக்காலில் ஜிம்மி தன் கோபம் முழுவதையும் தீர்த்துக்கொண்டது.

அம்மா ஒளித்துவைத்திருந்த கடைசிச் சவர்க்காரத் துண்டு அந்தக் காலைக் கழுவுவதிலேயே கரைந்துபோனது. ஆஸ்பத்திரியில் வெறிநோய் வராமல் விசர்நாய்க்கடிக்குப் போடும் ஊசி இல்லை. கப்பல் வந்தால்தான் உண்டு. "நாயைப் பத்து நாள் கட்டிவைச்சுப் பாருங்கோ. நாய் தண்ணி குடிச்சுச் சுகமாயிருந்தால் உங்களுக்கும் பயமில்லை" என்று டொக்டர் மாமாவிடம் சொல்லி அனுப்பினார். நாய்க்கு விசரென்றால் மாமாவும் தப்பமாட்டார் என்பதுதான் அதன் பொருள். பெரியவர்கள் அதை எனக்குச் சொல்லவில்லை. "அவிட்டியெண்டால் தோலை உரிப்பன்" என்று மட்டும் அப்பா சொன்னார்.

மறுநாளிலிருந்து மாமா காலையும் மாலையும் வந்தார். வெறுங்கையோடு அல்ல, மீனோடு. கடலுக்குப் போகவே தடையிருந்த நாளில், தன் பிள்ளைகளுக்கு வெறும் சொதியும் சோறும் கொடுத்துவிட்டு ஜிம்மிக்கு மீன் வாங்கினார். அது தின்று முடிக்கும்வரை குந்தியிருந்து பார்ப்பார். தண்ணீர் குடித்தால் அவர் முகம் மலரும். வெள்ளிக்கிழமையும் மீன் வந்தது. வெள்ளியில் முட்டையைக்கூட வீட்டுக்குள் விடாத அம்மா, அதை வாங்கி வீட்டுக்குப் பின்னால் கோடிப்புறத்தில் ஒரு பழஞ்சட்டியில் அவித்துக் கொடுத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. கடித்த நாய்மீது இப்படியும் ஒரு மனிதர் பாசம் வைப்பாரா என்று உருகிப்போனேன்.

பாசத்தில் நான் தோற்கலாமா! ஏழாம் நாள் காலை என் பிட்டு முழுவதையும் தம்பியின் பங்கில் பாதியையும் ஒளித்துக்கொண்டுபோய் ஜிம்மிக்குத் தீத்தினேன். பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அது வயிறு உப்பிச் சுருண்டு கிடந்தது. மீனை முகர்ந்தும் பார்க்கவில்லை. தண்ணீரைக் கண்டு தலையைத் திருப்பியது. மாமா அதன் முன்னால் முழந்தாளில் நின்றார். "குடியடா ராசா... ஒரு வாய் குடியடா." சிரட்டைத் தண்ணீரை அதன் வாயில் வைக்கப்போய்த் தன் இடுப்புச் சாரத்தில் சிந்தினார். பிறகு எழும்பி அப்பாவிடம், "காணி உறுதிப் பத்திரம் பெட்டகத்துக்கை கிடக்கு. மனிசிக்கு எழுத வாசிக்கத் தெரியாது, நீதான் பாத்துக் குடுக்கவேணும்" என்றார்.

"உப்பிடிக் கதையாதையுங்கோ அண்ணை" என்றார் அப்பா.

பிட்டுக் கதை என் வாய்வரை வந்தது. தம்பியின் பங்கை எடுத்ததற்கு அடி விழுமே என்று பேசாமல் நின்றேன்.

எட்டாம் நாள் விடிய ஜிம்மி வாளித் தண்ணீரைச் சளப்புச் சளப்பென்று குடித்தது. வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்த மாமா, "ஐயோ, குடிக்கிறான்! இஞ்சை வந்து பாருங்கோ, குடிக்கிறான்!" என்று கத்தினார். பத்து நாள் முடிந்ததும் ஜிம்மியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டுப் போனார். அதன்பிறகு மீன் வரவில்லை. மாமா வந்தாலும் படலைக்கு வெளியே நின்றுதான் கதைத்தார்.

எனக்கு அவரில் பொல்லாத கோபம். பத்து நாள் பாசத்தைப் பதினோராம் நாள் மறந்த மனிதர்! வழியில் கண்டு, "என்ன பிள்ளை, பள்ளிக்கூடமோ?" என்று கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவேன். என்னுடைய ஒரு கோப்பைப் பிட்டுக்காக அந்த மனிதர் ஓர் இரவு முழுவதும் செத்துக்கொண்டிருந்தார் என்பது விளங்க எனக்குப் பல வருடம் சென்றது.