இடப்பக்கச் சுற்று

பிஸ்கட்டவே ஊர்ப் பூங்காவில் விடிந்ததும் விடியாததுமாக மேப்பிள் மரத்தைச் சுற்றிச் சுற்றி வரும் நஞ்சுண்டனைப் பார்த்து நம்மவர்கள் சிரித்ததுண்டு. சிரிக்கட்டுமே! தொண்ணூற்றேழில் அவர் பட்ட பாடு அவருக்கல்லவா தெரியும்.

கோபிச்செட்டிபாளையத்தில் அப்பா பக்கவாதத்தில் கிடந்தார். நஞ்சுண்டன் ஒரே மகன். கிரீன் கார்டு கைக்கு வருமுன் நாட்டை விட்டுப் போனால் விண்ணப்பமே செத்துவிடும், அசையாதீர்கள் என்றுவிட்டார் வக்கீல். நஞ்சுண்டனுக்குத் தூக்கம் போயிற்று. அவர் முகத்தைப் பார்த்து, ஆபீசில் பக்கத்து கியூபிகிள் லியாங்தான் பூங்காவுக்கு இழுத்துக்கொண்டு போனார். லியாங் பயின்றது பாகுவா என்ற சீனப் போர்க்கலை. கண் மரத்தின் மேல் இருக்க, முழங்கால் லேசாக மடிய, வட்டமாக நடக்க வேண்டும். கொஞ்சம் நடந்ததும் திசை மாற்ற வேண்டும்.

அங்கேதான் நம்மாள் அடம்பிடித்தார். கோயில் சுற்றுவதுபோல வலமாகவே சுற்றினார், மனசுக்குள் அப்பாவுக்காக வேண்டிக்கொண்டே.

"எடமாச் சுத்தறது எழவுக்குத்தான் பவளம். அப்பா உசுரோட இருக்கறப்ப நான் அதப் பண்ணுவனா?" என்று மனைவியிடம் பொரிந்து தள்ளினார்.

லியாங்குக்கு இந்தக் கதையெல்லாம் தெரியாது. திரும்புவதற்காகத்தான் நடப்பதே என்றார். எதிரி எந்தப் பக்கம் வந்தாலும், தலையில் எது இடிந்து விழுந்தாலும், நடுவை விடாமல் திரும்பக் கால் பழக வேண்டும்; வட்டம் அதற்குத்தானாம். நஞ்சுண்டன் தலையாட்டிவிட்டு மறுபடி வலமாகவே நடந்தார். சரி, உன் இஷ்டம் என்று லியாங்கும் விட்டுவிட்டார்.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை போன் வந்தது. பவளம்தான் எடுத்தாள்.

"ஏனுங்க... மாமா போயிட்டாங்களாமுங்க."

பெரியப்பா மகன் குடம் சுமந்து கொள்ளியும் வைத்தாகிவிட்டதாம். முன்பே சொன்னால் நஞ்சுண்டன் கிளம்பிவிடுவான், கார்டு போய்விடும் என்று பயந்து, எல்லாம் முடிந்த பிறகுதான் கூப்பிட்டார்களாம். பாவிகளா! ஆனால் யாரைத் திட்டுவது? பயந்தது அவருக்காகத்தானே.

மறுநாள் காலை மரத்தின் முன் போய் நின்றார். நின்றவர், இடமாகச் சுற்றத் தொடங்கினார். வலமாகவே பழகிய கால் முதலில் இடறியது, பிறகு நடந்தது. இடது தோள் மட்டும் மேலே ஏறி நின்றது.

தோளை இறக்கு என்று சொல்லிக்கொண்டே லியாங் பக்கத்தில் வந்தார்.

நஞ்சுண்டன் ஆங்கிலத்தில் சொன்னார்: "முடியாது லியாங். எங்கப்பா இறந்துட்டார். தோள்ல தண்ணிக் குடத்தோட மகன் இந்தப் பக்கமாத்தான் சுத்தணும்."

லியாங் விலகிக்கொள்வார் என்றுதான் நஞ்சுண்டன் நினைத்தார். அவரோ பின்னால் வந்து, அதே வட்டத்தில், அதே பக்கமாக நடக்கத் தொடங்கினார். குடம் சுமக்கும் மகனுக்குப் பின்னால், குடத்தில் துளையிட ஒருவர் கூடவே வரவேண்டும் என்பது அந்த மனுஷனுக்கு எப்படித் தெரியும்? நஞ்சுண்டன் மரத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல், வாய்விட்டு அழுதுகொண்டே சுற்றினார்.