தஸ்தகீர் சாயபு திரும்ப வாங்கிய வாக்கு

ஒலிமுகமதுபேட்டை தஸ்தகீர் சாயபு தோளில் மரப்பெட்டியோடு தெருத்தெருவாகப் போய் அத்தரும் சாம்பிராணியும் விற்றவர். எழுதப் படிக்க அரைகுறைதான். ஆனால் வேலூரில் மார்க்கம் கற்ற ஓர் ஆலிமிடம் வருஷக்கணக்காகப் போய்வந்து நபிமொழிகளைக் கேட்டு மனதில் வைத்திருந்தார். ஒன்றைச் சொல்லுமுன் அது வந்த வழியைச் சொல்வார்: எனக்கு இன்னார் சொன்னார், அவருக்கு இன்னார். அந்தக் காலத்தில் ஹதீஸ் என்னும் நபிமொழிகளைத் திரட்டிய அறிஞர்கள் ஒரே ஒரு வாக்கை நேரில் கேட்க ஒரு மாதம் ஒட்டகத்தில் போனார்களாம். சொன்னவர்கள் வரிசையில் ஒரு பெயர் விட்டுப்போனாலும் ஏற்க மாட்டார்களாம்.

"சாயபு விஷயத்துக்கு வரதுக்குள்ள ஒரு முழம் நெய்ஞ்சுடலாம்பா" என்று தறிக்குழியிலிருந்து நெசவாளி பஞ்சாட்சரம் கிண்டல் செய்வான். ஆனாலும் கேட்பான்.

அப்படிப்பட்டவர் ஒரே ஒருமுறை தவறினார். ஆற்காட்டில் ஒரு கல்யாண விருந்தில் யாரோ நெசவுத் தொழிலை உயர்த்தி ஒரு வாக்கைச் சொல்ல, அது நபிமொழி என்றும் சொல்ல, சாயபுவுக்கு மனம் நிறைந்துவிட்டது. தன் வாடிக்கை வீடெல்லாம் தறி வீடு. யாரிடம் கேட்டாய் என்று கேட்காமலே எடுத்துவந்து சொல்லிவிட்டார். பஞ்சாட்சரம் பூரித்துப்போனான். பட்டுக்கடை முதலாளி தன்னை வாசலில் நிற்கவைத்தபோது, "அரபு தேசத்து நபியே எங்க தொழில மதிச்சாரு, நீங்க ஒரு பாய் போடக்கூடாதா?" என்று கேட்டுவிட்டான். அன்றிலிருந்து முதலாளி அவன் உட்காரப் பாய் போடச் சொன்னார்.

இரண்டு வருஷம் கழித்து, 1927இல், வேலூர் ஆலிமிடம் சாயபு அதைச் சொல்லிக் காட்டினார். ஆலிம் கேட்டது ஒன்றுதான்: "யார் வழியா?" சாயபு கல்யாண விருந்தைச் சொன்னார். ஆலிம் தேடிப் பார்த்து, அப்படி ஒன்று எந்த வழியிலும் இல்லை என்றார்.

பள்ளிவாசல் நிர்வாகம் பார்க்கும் முத்தவல்லி ஹபீபுல்லா, "நல்ல வார்த்தைதானே சாயபு, விட்டுடுங்க. போய்ச் சொன்னா நாளைக்கு நீங்க சொல்ற எதையும் எவனும் நம்பமாட்டான்" என்றார்.

"அந்த பயம்தான் எனக்கும். ஆனா நபி சொல்லாத ஒண்ண அவர் பேர்ல வச்சுட்டு நான் எப்படித் தூங்குவேன்?"

யார் யாரிடம் சொன்னோம் என்பதும் அவருக்கு மனப்பாடம். முப்பத்தொரு பேர். பெட்டியை வீட்டில் வைத்துவிட்டு வெறுங்கையோடு கிளம்பினார். வாசலில் நின்று, "நான் சொன்னது தப்பு, திரும்ப எடுத்துக்கறேன்" என்பார். சிலர் சிரித்தார்கள். பலருக்கு அவர் சொன்னதே நினைவில்லை. அவர்களுக்கு அதை நினைவூட்டி, பிறகு திரும்ப எடுத்துக்கொண்டார்.

கடைசியாகப் பஞ்சாட்சரம்.

"இன்னா சாயபு, வெளையாடறியா? ரெண்டு வருஷமா ஊர் பூரா சொல்லிக்கினு இருக்கேன். இழை அறுந்தா ஒரு முடிச்சு போட்டுக்கினு நெய்யறதில்லையா?"

"இழை இருந்து அறுந்தா முடிச்சு போடலாம் முதலியாரே. இங்க இழையே இல்ல."

அவன் பெண்சாதி தில்லையம்மாள் வாசற்படியில் நூல் சுற்றிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். "இத்தினி நாளு நீங்க சொன்னதெல்லாமும் இப்படித்தானா?"

"இல்லம்மா. மத்த ஒவ்வொண்ணுக்கும் பேர் இருக்குது. இது ஒண்ணுக்குத்தான் நான் கேக்கல." அவர் குரல் இறங்கிவிட்டது. "நீங்க யார்கிட்ட சொன்னீங்கன்னு சொல்லுங்க முதலியாரே. அவங்ககிட்டயும் நானே போறேன்."

பஞ்சாட்சரம் ஊடை இழை ஓட்டும் நாடாவைக் கையில் வைத்தபடி அவரையே பார்த்தான். பெட்டி இல்லாத தோள். புழுதி ஏறிய கால். முப்பது வாசல் ஏறி இறங்கிய மனுஷன்.

"ஐயம்பேட்டையில என் மச்சான். அவன்கிட்ட நீங்க போங்க" என்றான் மெதுவாக. "கடை முதலாளிகிட்ட போவாதீங்க."

"ஏன்?"

அவன் குழியிலிருந்து எழுந்து மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டான்.

"உச்சி வேளையில தறிய விட்டுட்டு எங்க கெளம்பிட்ட?" என்றாள் தில்லையம்மாள்.

"அங்க சொன்னது நானு. அந்தப் பாய திருப்பிக் குடுத்துட்டு வரேன்."