பர்னர் அக்காவின் ஊசி

அந்தப் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியரின் முகம் தெரியாத பிள்ளைகள்கூட உண்டு. பர்னர் அக்காவைத் தெரியாத பிள்ளை கிடையாது. வேதியியல் ஆய்வகத்தில் இருபத்திரண்டு வருஷமாக உதவியாளர் வேலை. அங்குள்ள இருபத்து நான்கு பன்சன் பர்னர்களும் அவள் பொறுப்பு. அவற்றின் மேல் யாராவது கை வைத்தால் போதும், வளர்ந்த பிள்ளைகள்கூட வாங்கிக் கட்டிக்கொள்வார்கள்.

வெள்ளிக்கிழமை கடைசிப் பாடம் முடிந்ததும் அத்தனை பர்னர்களையும் நீள மேஜையில் பரப்புவாள். குழலைக் கழற்றி, காற்று வளையத்தைச் சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, பிள்ளைகள் பொங்கவிட்ட உப்புக் கறையைச் சுரண்டி எடுப்பாள். கடைசியில், அடியில் வாயு வெளிவரும் பித்தளை முனையை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, அதன் பொடித் துளைக்குள் ஊசியை விட்டு மூன்று சுற்றுச் சுற்றுவாள். ஒன்பதாம் மேஜையின் பர்னருக்கு மட்டும் இந்த உபசாரம் இல்லை. அந்த மேஜையின் கேஸ் குழாய் திறக்க முடியாதபடி இறுகிப்போய் வருஷக்கணக்காகிறது. கொளுத்தாத பர்னரில் என்ன அழுக்கு சேரும் என்று துணியால் ஒரு துடைப்போடு விட்டுவிடுவாள்.

இப்படிக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்த பர்னர்கள்தான் இரண்டு மாதமாக மஞ்சளாக எரிந்தன. காற்று வளையத்தை முழுசாகத் திறந்தாலும் நீலம் வரவில்லை. சுடர் முழ உயரத்துக்கு நின்று ஆடியது. சோதனைக் குழாய்களின் அடியெல்லாம் கரி அப்பிக்கொண்டது. கெமிஸ்ட்ரி டீச்சர் காரணம் கேட்டபோது அக்கா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"கேஸ் சரியில்ல டீச்சர். சிலிண்டர் கொண்டுவர்ற தம்பி எதையோ கலந்து குடுக்கறாரு. என் பர்னருங்கள்ல குத்தம் இருக்க வாய்ப்பே இல்ல."

அக்கா சொன்னால் அந்த ஆய்வகத்தில் மறுபேச்சு கிடையாது. விஷயம் தலைமையாசிரியரிடம் போயிற்று. அடுத்த மாதத்திலிருந்து வேறு ஆளிடம் சிலிண்டர் வாங்கிக்கொள்வதாகக் கடிதம் தயாரானது. வியாழக்கிழமை மதியம் கையெழுத்து. அந்தக் கேஸ்காரருடைய மூன்று சக்கர வண்டி ஓடுவதே இந்தப் பள்ளிக்கூடத்தை நம்பித்தான். அது அக்காவுக்கும் தெரியும். தெரிந்தும், தப்பு செய்தவர் அனுபவிக்கட்டும் என்றுதான் இருந்தாள்.

புதன்கிழமை சாயங்காலம் வீட்டுக்குப் போனால், தையல்காரரான அவள் கணவர் மெஷினுக்கு முன்னால் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். மடியில் மெல்லிய சட்டைத் துணி. தையல் ஓடிய இடமெல்லாம் பொத்தல் பொத்தலாகத் தெரிந்தது.

"என்னங்க ஆச்சு?"

"காலையில தடி ஊசி போட்டு கேன்வாஸ் பை தைச்சேன். அந்த ஊசிய மாத்தாம இதத் தைச்சுத் தொலைச்சிட்டேன். நூல் சரியில்லன்னு நூல்காரனத் திட்டினேன், துணி மட்டம்னு துணிக்கடைக்காரனத் திட்டினேன். கடைசியில பாத்தா ஊசி."

"பிரிச்சுத் தைக்க முடியாதா?"

"பிரிக்கலாம். பெரிசான ஓட்டை சின்னதாகுமா?"

அக்கா கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் அப்படியே நின்றாள்.

"ஏங்க, என் பழைய ஊசி ஒடிஞ்சுதுன்னு மூணு மாசம் முன்னாடி ஒண்ணு குடுத்தீங்களே. அது எந்த ஊசி?"

"இதே ரகம்தான். ஒடியாத ஊசியா குடுங்கன்னு கேட்ட. எதுக்குன்னு நீ சொல்லல, நான் கேக்கல."

வாரா வாரம், மேஜை மேஜையாக, அத்தனை துளைகளையும் தன் கையாலேயே குடைந்து பெரிசாக்கியிருக்கிறாள். கேஸ் அளவுக்கு மீறிப் பீறிட்டால் காற்று எப்படிப் போதும், சுடர் எப்படி நீலமாகும்? வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை என்று மனசின் ஒரு மூலை சொல்லிப் பார்த்தது. அப்படி நினைத்ததே அவளுக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலையில் முதல் ஆளாக வந்து ஆய்வகத்தைத் திறந்தாள். ஒன்பதாம் மேஜையிலிருந்து ஊசி படாத அந்தப் பர்னரை எடுத்து வந்து, முதல் மேஜையின் ரப்பர் குழாயில் மாட்டிக் கொளுத்தினாள். சுடர் நீலமாக, சின்னதாக, உஸ்ஸென்று நின்றது. அதே குழாயில் தன் செல்லப் பர்னரை மாட்டினாள். மஞ்சள் முழ உயரத்துக்கு எழுந்தது. கேஸ் அதே கேஸ்தான்.

கெமிஸ்ட்ரி டீச்சர் வந்ததும் இரண்டையும் கொளுத்திக் காட்டினாள். "குத்தம் என் மேல டீச்சர். அந்தக் கடிதத்த நிறுத்தணும். நானே வந்து ஹெட்மாஸ்டர்கிட்ட சொல்றேன்," என்றாள். டீச்சர் சுடரைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். "வாங்கக்கா, ரெண்டு பேருமே போவோம். விசாரிக்காம தூக்கிட்டுப் போனது நான்தானே," என்றார். கடிதம் கிழிந்து குப்பைக்கூடைக்குப் போயிற்று.

பதினோரு மணிக்குக் கேஸ்காரர் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்தார். ஆறு வருஷமாக அவர் வரும்போதெல்லாம் வீட்டிலிருந்து கொண்டுவந்த பிளாஸ்கிலிருந்து ஒரு டம்ளர் டீ கொடுப்பது அக்காவின் வழக்கம். இரண்டு மாதமாக அதை நிறுத்தி வைத்திருந்தாள். இன்றைக்கு வராந்தாவில் உட்கார வைத்துக் கொடுத்துவிட்டு, ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னாள்.

"உங்க கேஸ்ல ஒண்ணுமில்ல தம்பி. என் ஊசி தடிமன். நான் செஞ்ச தப்ப உங்க தலையில கட்டப் பாத்தேன். மனசுல வச்சுக்காதீங்க."

அவர் கழுத்தைச் சொறிந்தார். "ஊசி விஷயம் தெரியும்க்கா."

"என்னது?"

"ரெண்டு மாசம் முன்னாடி ஒரு வெள்ளிக்கிழம வந்தேன்ல, அப்பவே பாத்தேன். அவ்ளோ பெரிய ஊசிய விட்டுக் குடைஞ்சிட்டு இருந்தீங்க."

"அப்பவே சொல்றதுக்கென்ன? உங்க பொழப்பே போயிருக்குமே."

"சொல்லலாம்தான்." அவர் டம்ளரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "பர்னரப் பத்தி உங்ககிட்ட யாருக்கா பேசறது?"

அக்காவுக்குச் சுருக்கென்றது. பிழைப்பு போனாலும் பரவாயில்லை, இவளிடம் பேச்சு வாங்க முடியாது என்று ஒரு மனுஷன் நினைக்கும்படி இருந்திருக்கிறோமே என்று வருத்தமாக இருந்தது.

சாயங்காலத்துக்குள் புது முனைகள் கொண்டுவந்து தருவதாக அவர் சொன்னார். "ஊசியே வேணாம்க்கா. சுடுதண்ணியில ஊறப்போட்டு, பின்பக்கமா ஊதுனா போதும்." அக்கா குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டாள். அந்த வராந்தா அப்படி ஒன்றை அதுவரை கண்டதில்லை.

"இனிமே எது தப்பா தெரிஞ்சாலும் மூஞ்சிக்கு நேரா சொல்லிடணும். நான் ஒண்ணும் கடிச்சுத் தின்னுட மாட்டேன்."

"நெஜமாவாக்கா?"

"நெஜமாத்தான்."

அவர் டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார். "அப்போ ஒண்ணு சொல்லிடறேன். டீல சர்க்கரை ரொம்ப அதிகம். ஆறு வருஷமா."

அக்காவின் முகம் சிவந்தது. அவர் எழுந்து ஓடத் தயாரானார். அதற்குள் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை கடைசிப் பாடத்தில் ஒன்பதாம் மேஜை தவிர எல்லா மேஜையிலும் நீலம் நின்றது. அதைப் பார்த்த நிறைவோடு வீட்டுக்கு வந்து, ஊசியைக் கணவரிடம் திருப்பிக் கொடுத்தாள். டீ போடும்போது சர்க்கரை டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"ஏங்க, என் டீல சர்க்கரை அதிகமாவா இருக்கு?"

மெஷின் சத்தம் நின்றது. கணவர் கண்ணாடியைக் கழற்றி அவளை நன்றாக ஒருமுறை பார்த்தார்.

"இருபத்தஞ்சு வருஷம் கழிச்சாவது கேட்டியே," என்றார்.