பேபிக்கு வந்த அரிப்பு

திரேஸ்புரத்தில் மீன் பிடிக்கிறவர்கள் உண்டு, விற்கிறவர்கள் உண்டு, தின்னாதவர்கள் அநேகமாகக் கிடையாது. மீனைக் கண்ணாடித் தொட்டியில் விட்டு, பெயர் வைத்துக் கூப்பிட்டுக் கொண்டிருந்தவர் ரோச் ஒருவர்தான். புதுத் துறைமுகம் திறந்த புதிது. அங்கே கிரேன் ஓட்டினார். டன் டன்னாக உர மூட்டையைத் தூக்கி இறக்கிய கை, வீட்டுக்கு வந்ததும் ஒரே ஒரு கூனி இறாலை விரல்நுனியில் வைத்து மீனுக்கு ஊட்டும்.

அது வலையில் சிக்கி வந்த வண்ணாத்தி மீன். உள்ளங்கை அகலம், மஞ்சள் உடம்பு, கண்ணுக்கு மை தீட்டினாற்போல ஒரு கறுப்புப் பட்டை. எதையோ பார்த்து ஆச்சரியப்படுவது போலவே வாயைக் குவித்துக் கொண்டிருக்கும். அந்த முகத்தைப் பார்த்ததும் ரோச்சுக்குத் தன் கொழுந்தியாள் பேபியின் ஞாபகம் வந்தது. அவள் பெயரையே மீனுக்கும் வைத்துவிட்டார். மனைவி ஞானசௌந்தரியிடம் மட்டும் காரணத்தைச் சொல்லவில்லை.

ஒருநாள் மீன் கல்லில் போய் உரசியது. மறுநாள் முழுக்க அதே வேலை. விலாவைத் தேய்த்தது, புரண்டு மறுபக்கத்தைத் தேய்த்தது. ஒரு பக்கத்துச் செவுளை மூடிக்கொண்டு மற்றதால் மட்டும் மூச்சு வாங்கியது. ரோச் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். உடம்பில் ஒரு புள்ளிகூட இல்லை.

துறைமுகத்தில் கூட வேலை பார்த்த ஸ்ரீவைகுண்டத்துத் தளவாயிடம் யோசனை கேட்டார்.

"பேபிக்கு ஒரே அரிப்பு, தளவாய். ராப்பகலா சொறிஞ்சுக்கிட்டே இருக்கா."

"எங்கூரு குளத்து மீனுக்குன்னா உப்பு போடுவோம், அண்ணாச்சி. சட்டுனு கேக்கும்."

ரோச் உப்பளத்திலிருந்து ஒரு பை உப்பு வாங்கிவந்து கடல்தண்ணீரில் கொட்டினார். மீன் மிரண்டு மூலைக்குப் போய்விட்டது.

"இன்னுங் கொஞ்சம் போடுங்க. நல்ல கருவாடு கெடைக்கும்" என்றாள் ஞானசௌந்தரி.

தண்ணீரை மாற்றிவிட்டு, கல்லைத் தேய்த்துக் கழுவலாம் என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் இறங்கினார். கடல்தண்ணீர் வாளியைக் குசினியில் அடுப்புப் பக்கம் கொண்டுவந்து வைத்தார். பக்கத்தில் குடிக்கிற நல்ல தண்ணீர்ப் பானை. மீனை ஒரு கிண்ணத்தில் ஏந்தி வந்த நேரம் பார்த்து, மாப்பிள்ளையூரணியிலிருந்து கொழுந்தியாள் உள்ளே புகுந்தாள். துறைமுகத்தில் சொன்ன செய்தி ஊர் சுற்றி அவள் காதுக்குப் போயிருந்தது.

"அத்தான்! எனக்குச் சொறியாம்லா! ராத்திரியெல்லாம் சொவத்துல ஒரசுதேனாம்லா!"

"ஏளா, ஒன்னயச் சொல்லல, மீனச் சொன்னேன்!"

"மீனுக்கா எம்பேர வச்சிய?"

ரோச் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே கிண்ணத்தைக் கவிழ்த்தார். வாளியில் அல்ல, பானையில்.

யாரும் கவனிக்கவில்லை. கோபமாக வந்த தங்கைக்குத் தண்ணீர் கொடுக்கப் பானைக்குள் செம்பை விட்ட ஞானசௌந்தரிதான் அலறினாள். மீன் ஒருக்களித்துக் கிடந்தது. "மாதாவே!" என்று ஜெபமாலையை எடுத்து ஒரு பத்து மணியைச் சொல்லத் தொடங்கிவிட்டாள். ரோச் மீனை அள்ளப் போனவர், கையை அப்படியே நிறுத்தினார்.

மீனின் விலாவிலிருந்து வெள்ளையாக ஒன்று உதிர்ந்தது. எள்ளைத் தட்டையாக்கினாற்போல இருந்தது. பிறகு இன்னொன்று. செவுளுக்குள்ளிருந்து நாலைந்து. சில, விழுந்த இடத்தில் நெளிந்தன. கடல்தண்ணீரில் கண்ணாடிபோல ஒட்டிக்கிடந்த பூச்சிகள், நல்ல தண்ணீர் பட்டதும் வெளுத்து, பிடி விட்டுக் கொட்டின. மூன்று தலைகள் பானைமேல் முட்டிக்கொண்டன.

"அடி ஆத்தி! இத்தனையையும் ஒடம்புல வச்சுக்கிட்டா இருந்துச்சு?" என்றாள் கொழுந்தியாள். கோபம் போன இடம் தெரியவில்லை. "பாவம் அத்தான், பேபி."

ஜெபம் முடிந்தபோது ரோச் மீனைக் கடல்தண்ணீர் வாளிக்கு மாற்றினார். கொஞ்சநேரம் சாய்ந்து கிடந்து, நிமிர்ந்து, சாயங்காலம் கூனி தின்றது. அன்று அந்த வீட்டில் யாரும் பானைத் தண்ணீர் குடிக்கவில்லை.

அரிப்பு மறுபடியும் வந்தது. கல்லிலும் தொட்டியிலும் முட்டை ஒட்டியிருக்கும் என்று ரோச்சுக்குப் பட்டது. மீனைத் தனி அண்டாவுக்கு மாற்றி, தொட்டியையும் கல்லையும் கழுவி மொட்டை வெயிலில் நன்றாகக் காயவைத்தார். மீனுக்கு மறுபடி ஒரு குளியல் போட்டார். இம்முறை வேண்டுமென்றே, குழாய்மருந்து வாடை போக முந்தின நாளே பிடித்துவைத்த நல்ல தண்ணீரில். நேரம் பார்க்க மனைவியின் ஜெபம்தான். அவள் அவசரமாகச் சொன்னால், "ஏளா, மெதுவாச் சொல்லு, இன்னும் பூச்சி இருக்கு" என்பார்.

அதன்பின் எந்த மீன் வந்தாலும் முதலில் குளியல், பிறகு அண்டாவில் தனிவாசம், அப்புறம்தான் தொட்டி.

குளியல் வைத்தியத்தின் பேர் பரவியது. துறைமுகக் காவலாளி ஜேசுபாதம் ஒருநாள் முதுகைக் கதவு நிலையில் தேய்த்தபடி வந்து நின்றார். "ரோச்சு, என்னையும் ஒரு தடவ முக்கி எடுத்துரேன்" என்று கெஞ்சினார். ரோச் அவரை ஆஸ்பத்திரிக்குப் போகச்சொல்லிப் படாதபாடு பட்டார். மனுஷர் அசையவில்லை. கடைசியில் ஞானசௌந்தரி ஜெபமாலையோடு கொல்லைக்கு வந்து நிற்க, ரோச் அவர் தலையில் ஒரு குடம் தண்ணீரைக் கவிழ்த்தார். ஒன்றும் உதிரவில்லை.

"தண்ணி சரியில்ல" என்று சொல்லிவிட்டு, ஜேசுபாதம் துண்டு கேட்டார்.