இரண்டு சென்டிமீட்டர்

எங்கள் கூடைப்பந்து அரங்கின் காவலாளி உயரம் விற்கிறார் என்று ஒரு பேச்சு. சிரிக்க வேண்டாம். இளம் ஆட்டக்காரிகளைத் தேடி வரும் தேர்வாளர்கள் முதலில் பார்ப்பது அட்டையில் எழுதிய உயரத்தைத்தான். நூற்று எண்பது இருந்தால்தான் ஆட்டத்தையே பார்ப்பார்கள். பன்னிரண்டு மாதமும் போட்டி நடந்தால் எல்லாரையும் பார்க்க நேரமேது?

விசாரிக்கப் போனேன். பிள்ளைகள் 'டேப் அண்ணன்' என்று கூப்பிடும் அவர் தரை துடைத்துக்கொண்டிருந்தார். பந்துக்குக் காற்றடிப்பதும், சுவரோரம் நிறுத்தி உயரம் குறிப்பதும் அவர்தான். என்னையும் நிறுத்தச் சொன்னேன். இரண்டு சென்டிமீட்டர் கூடியிருந்தேன். இந்த வயதில் எனக்கு வளர்வது வயிறு மட்டும்தான்.

முகம் கறுத்துப்போய் விஷயத்தைச் சொன்னார். போன கோடையில் சிமெண்ட் தரைமேல் பலகை போட்டார்கள். தரை உயர்ந்தது, சுவரில் ஒட்டிய அளவுகோலை உயர்த்த அவர் மறந்தார். அதற்குப் பின் நின்றவர்கள் எல்லாரும் 'வளர்ந்தார்கள்'. அவருடைய அக்கா மகளும். சரியாக நூற்று எண்பது. தேர்வாகிவிட்டாள், பத்து நாளில் விளையாட்டு விடுதிக்குப் போகிறாள்.

அதே அணியில் ஆடும் தையல்காரர் மகளை மட்டும் பலகை போடுவதற்கு முந்தின நாளே அளந்திருந்தார். நூற்று எழுபத்தெட்டு. அவள் ஆட்டத்தை யாரும் பார்க்கவில்லை; அடுத்த வருடம் வயது தாண்டிவிடும். குழுப் படத்தில் இரண்டு பெண்களும் ஒரே தலைமட்டத்தில் நின்றபோதுதான் இவருக்கு உறைத்தது.

"நான் விக்கலைங்க. எல்லாருக்கும் சும்மா குடுத்துட்டேன். அவ ஒருத்திக்குத்தான் குடுக்கல."

அக்காவிடம் சொன்னாராம். "எம்பொண்ணு பெட்டி கட்டிட்டா. நீ யாருக்குடா மாமன், அவளுக்கா இவளுக்கா?" என்றாளாம். அன்றிலிருந்து அக்கா வீட்டில் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பேசிக்கொண்டிருக்கும்போதே தையல்காரர் மகள் பயிற்சிக்கு வந்தாள். அவர் தடுமாறி எழுந்தார்.

"பாப்பா, இன்னொரு தடவ நில்லேன்."

"லிஸ்ட்தான் போயிடுச்சேண்ணே. இப்ப அளந்தா வளரவா போறேன்?"

பந்தை வாங்கிக்கொண்டு ஓடினாள். தொலைவிலிருந்து எறிந்தாள்; வலை மட்டும் அசைந்தது.

அவர் சட்டைப்பையிலிருந்து தேர்வாளர்களுக்கு எழுதிய கடிதத்தை எடுத்துக் காட்டினார். மடித்த இடமெல்லாம் வியர்வையில் நைந்திருந்தது. எப்போது அனுப்புவீர்கள் என்று கேட்டேன். திரும்ப மடித்துப் பையில் வைத்தார்.

ஆக, வதந்தி பொய். விற்பனை ஏதும் நடக்கவில்லை. தையல்காரர் மகளுக்கு இரண்டு சென்டிமீட்டர் மட்டும் பாக்கி.