புதூர்நாட்டுச் சைக்கிள்

புதூர்நாட்டுக்கு ஒரு மைல் கீழே, மலைச்சாலையில் நிற்கிறேன். அடிவாரத்து ஏரியை நீந்திக் கடந்தவர்கள் சைக்கிளில் இங்கே ஏறி வந்து, மிச்சத் தூரத்தை ஓடி முடிக்க வேண்டும். வருடா வருடம் நடக்கும் பந்தயம். பக்கத்தில் நிற்கும் கோவிந்தம்மாள் இந்த மலைக்காரி. அவள் தம்பியும் போட்டியில் இருக்கிறான்.

"அஞ்சு வருசமா பந்தயம் எங்க மலையிலதான் நடக்குது. கப்பு மட்டும் கீய எறங்கிப் போய்டுது. எங்காளுங்களுக்கு சைக்கிளு வுடத் தெரியாதுங்க."

"தம்பி கத்துக்கிட்டாரா?"

"இல்லீங்க," என்கிறாள், கவலையே இல்லாமல்.

வளைவில், கீழே சமவெளியிலிருந்து வந்த திருப்பத்தூர்க்காரர்கள் தெரிகிறார்கள். ஏற்றம் தாளாமல் இறங்கிச் சைக்கிளைத் தள்ளுகிறார்கள். அவர்களை விலக்கிக்கொண்டு ஒருவன் விறுவிறுவென்று ஏறி வருகிறான். தலையில் துணிச் சும்மாடு. அதன்மேல், சந்தைக்குப் போகும் புளிமூட்டை மாதிரி, சைக்கிள்.

தோளில் டிரான்சிஸ்டர் தொங்கும் நடுவர் விதித்தாளை இரண்டு முறை படிக்கிறார். சைக்கிளோடு வந்து சேர வேண்டும் என்றுதான் இருக்கிறது. கொடியை அசைத்துவிடுகிறார்.

அவன் சைக்கிளை இறக்கி வைக்கிறான். சும்மாட்டை அக்காவிடம் வீசிவிட்டுப் பாய்கிறான்.

"மூட்டைய எறக்கிட்டான்!" கோவிந்தம்மாள், தள்ளிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்துக் கத்துகிறாள். "இனிமே புடிங்க பாக்கலாம்!"